குதிகால் எழும் ஸ்கீ: தேர்வும் ஆபத்தும் உரிமையும்

டெலிமார்க் ஸ்கீயில் பூட்ஸின் முன்முனை மட்டுமே பலகையோடு பிணைந்திருக்கும். குதிகால் தடையின்றி எழும். திரும்பும்போது ஒரு காலை முன்னே நீட்டி, பின்காலின் முழங்காலை மடக்கித் தாழ்வது இந்த முறையின் அடையாளம். பெயர் நார்வேயின் டெலிமார்க் பகுதியினுடையது. அங்கே மோர்கெடாலில் பிறந்த சோண்ட்ரே நோர்ஹைம் (1825–1897), முறுக்கிய மரக்கொடியைக் குதிகாலைச் சுற்றிக் கட்டி, தாவினாலும் திரும்பினாலும் கழலாத பிணைப்பைப் பிரபலமாக்கினார். ஹர்டாங்கர்வித்தா போன்ற பரந்த பனிமேட்டில் முதுகுப்பையோடு நாள்முழுக்க நடந்து, இடையே வரும் சரிவுகளில் இறங்கிச் செல்வது இலகுவகைப் பயணம். நடக்க எடை குறைய வேண்டும். இறங்க விறைப்பு வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை. பொருள் வாங்குவதில் நேரும் பெரும்பாலான தவறுகள் இந்தப் பகையை மறப்பதால் வருபவை.

கடைச் சுவரில் முதலில் கண்ணில் படுவது ஸ்கீ. தேர்வு தொடங்க வேண்டியதோ பூட்ஸில். காலுக்குப் பொருந்திய பூட்ஸ் எந்த வகை பைண்டிங்கை, அதாவது பலகையோடு இணைக்கும் பிணைப்பை, ஏற்கிறதோ அதுதான் பைண்டிங். அந்த பூட்ஸால் எவ்வளவு அகலமான பலகையைச் சாய்த்து விளிம்பில் நிறுத்த முடியுமோ அவ்வளவுதான் ஸ்கீ. நடந்து கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், பயணத்தில் அணியும் கம்பளிக் காலுறையோடு போட்டுப் பார்ப்பது நல்லது. விரல்கள் அசைய இடம் வேண்டும். குதிகால் உள்ளே தூக்கிக்கொள்ளக் கூடாது. இறுக்கமான பூட்ஸ் குளிரில் இரத்த ஓட்டத்தைக் குறைத்து விரல்களைப் பனிக்கடிக்கு ஆளாக்கும். பூட்ஸின் விறைப்பை அறிய எளிய வழி உண்டு: ஒரு கையில் முன்முனையையும் மறு கையில் குதிப்பகுதியையும் பிடித்து, துணி பிழிவதுபோல முறுக்கிப் பார்க்கலாம். முன்பாதம் மடங்க வேண்டும், முறுக்கிக்கொள்ளக் கூடாது. அளவுக்கு மீறி முறுக்கும் பூட்ஸ், கெட்டிப்பனியில் விளிம்பைப் பிடித்து நிறுத்தாது. 1990களில் பரவிய பிளாஸ்டிக் பூட்ஸ் சரிவில் பலம் தரும். ஆனால் பெரும்பாலும் சமதளமாகவே போகும் பயணத்தில் தோல் பூட்ஸின் மென்மைக்கு ஈடில்லை.

பைண்டிங்கில் மூத்தது மூன்று ஊசி வகை. 1927இல் ப்ரோர் வித் வடிவமைத்த ‘ரொட்டெஃபெல்லா’, அதாவது எலிப்பொறி, இதன் மூதாதை. பூட்ஸின் முன்னே வாத்து அலகுபோல நீளும் தட்டை விளிம்பில் மூன்று துளைகள் இருக்கும். பைண்டிங்கின் ஊசிகள் அவற்றில் நுழையும். 75 மில்லிமீட்டர் அகலம் என்பதால் இதற்கு நார்டிக் நார்ம் 75 என்று பெயர். அமைப்பு எளிது, பழுதானாலும் கம்பியால் கட்டி ஒப்பேற்றலாம். ஆனால் காலப்போக்கில் துளைகள் தேய்ந்து அகலும். குதிகாலைச் சுற்றும் கேபிள் சேர்த்தால் துளைகள்மீதான சுமை குறையும். என்என்என் பிசி வகையில் பூட்ஸின் அடியிலுள்ள உலோகத் தண்டைப் பைண்டிங் கவ்வும். நடைக்கு இது இதமானது, ஆனால் பள்ளத்தில் பனி உறைந்தால் மாட்டுவதும் கழற்றுவதும் பாடுதான். எக்ஸ்ப்ளோர் இதே இடத்தை நிரப்ப வந்த புதிய வகை. 2007இல் அறிமுகமான என்டிஎன் கனமானது, செங்குத்துச் சரிவுகளுக்கானது. மேட்டுநில நடைக்கு அது வேண்டாத சுமை. இந்த நான்கும் ஒன்றோடொன்று பொருந்தாது. தள்ளுபடி விலையில் ஒரு வகை பூட்ஸும் இன்னொரு வகை பைண்டிங்கும் வாங்கிவிட்டுத் தவிப்பது அரிதல்ல.

ஸ்கீயின் நடுப்பகுதி, அதன் இடை, சுமார் 55 முதல் 62 மில்லிமீட்டர் வரை இருந்தால் சமதளத்தில் நேராக ஓடும். 70ஐத் தொடும் இடையும் விரிந்த முன்முனையும் திரும்ப உதவும், ஆனால் தோல் பூட்ஸுக்கு அடங்காது. தரையில் வைத்தால் நடுவில் எழும் வில்வளைவும் முக்கியம். வளைவு விறைப்பாக இருந்தால் சறுக்கும்போது நடுப்பகுதி பனியைத் தொடாது. உந்தும்போது மட்டும் மெழுகோ செதில் அடிப்பாகமோ பிடி கொடுக்கும். இந்த வளைவு தூக்கும் எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கடையில் உடல் எடையை மட்டும் சொல்லி, பையின் 15 கிலோவை மறைப்பதால் தவறான நீளம் தலையில் கட்டப்படுகிறது. கெட்டிப்பனி வரும் இடங்களுக்கு முழுநீள எஃகு விளிம்பு தேவை. ஏற்றங்களுக்கு அடியில் ஒட்டும் ஸ்கின் பட்டை தேவை.

ஆபத்துகளில் முதன்மையானது, இந்தப் பைண்டிங்குகளில் பெரும்பாலானவை விழும்போது தானே கழலாதவை என்பது. சரிவு ஸ்கீக்குள்ள அளவிட்ட கழற்றுவிசை இவற்றில் கிடையாது. ‘குதிகால்தான் சுதந்திரமாக இருக்கிறதே’ என்ற ஆறுதல் முழங்காலைக் காப்பாற்றாது. நீண்ட பலகை நெம்புகோலாகி முறுக்கினால் கணுக்காலும் முழங்காலும் சேதப்படும். பனிச்சரிவில் நிலைமை இன்னும் கொடியது: கழலாத ஸ்கீ நங்கூரமாகி உடலைப் பனிக்குள் இழுக்கும். 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளையும், அவற்றின் அடிவாரத்தில் பனி வந்து விழும் இடத்தையும் தவிர்ப்பதே இலகுவகைச் சாதனத்தோடு செல்பவருக்கான முதல் தற்காப்பு. அப்படிப்பட்ட நிலத்துக்குள் போகவே வேண்டுமென்றால் சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், பனிவாரி மூன்றும், அவற்றைப் பழகிய துணையும் வேண்டும். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு கால் மணி நேரத்துக்குள்ளேயே மளமளவென்று சரிந்துவிடும். நார்வேயில் ‘வார்சோம்’ என்ற அரசுத் தளம் அன்றாடப் பனிச்சரிவு எச்சரிக்கையை வெளியிடுகிறது. மீட்பை அழைக்கும் எண் 112.

பழைய பூட்ஸில் இன்னொரு பொறி உண்டு. அடிப்பாகத்தில் பயன்படும் பாலியூரித்தேன், பெட்டியிலேயே கிடந்தாலும் காற்றின் ஈரத்தால் சிதைந்து, ஒருநாள் ரொட்டித்துண்டுபோல உதிரும். வீட்டிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி அது நடந்தால் பயணம் அங்கேயே நின்றுவிடும். ஆகவே பழைய பொருளை வாங்கும்போது அடிப்பாகத்தை மடக்கிப் பார்த்து, விரிசலையும் ஊசித்துளைகளையும் கவனிக்க வேண்டும். பையில் ஸ்கீ திருகுக்கான போஸிடிரைவ் 3 திருப்புளி, உதிரித் திருகுகள், பசை, கம்பி, ஒட்டுநாடா இருந்தால் பிய்ந்த பைண்டிங்கை வழியிலேயே பொருத்தி ஒப்பேற்றிவிடலாம்.

இனி வாங்குபவரின் உரிமை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி கடையில் வாங்கிய புதுப் பொருளின் குறைக்குக் குறைந்தது 2 ஆண்டு விற்பனையாளர் பொறுப்பு. முதல் ஓராண்டுக்குள் தெரியும் குறை வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். நார்வேயிலும் 2 ஆண்டு. கணிசமாக நீடித்து உழைக்க வேண்டிய பொருளுக்கு 5 ஆண்டு. குறை தெரிந்ததும் தெரிவிக்க வேண்டும். அதற்கான அவகாசம் 2 மாதத்துக்குக் குறையாது. முதலில் பழுதுநீக்கம் அல்லது மாற்றுப் பொருள், அது நடக்காவிட்டால் விலைக்குறைப்பு அல்லது பணம் திரும்ப என்பதே பரிகாரங்களின் வரிசை.

பலர் பயன்படுத்தாத வலுவான விதி ஒன்று: இன்ன வேலைக்கு வேண்டும் என்று வாங்குமுன் சொல்லி, விற்பவர் அதை ஏற்றிருந்தால், பொருள் அதற்குப் பொருந்தியே ஆக வேண்டும். ஆகவே உடல் எடை, பையின் எடை, நிலம், பூட்ஸின் வகை நான்கையும் எழுத்தில் அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்துவது ஓர் உறுதிமொழிப் பத்திரத்துக்குச் சமம். இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் காரணமின்றித் திருப்பலாம். ஆனால் சோதித்துப் பார்ப்பதற்கு மேல் பயன்படுத்தினால் மதிப்புக் குறைவு வாங்கியவர் தலையில். வீட்டுக் கம்பளத்தில் பூட்ஸை மாட்டி நடந்து பார்க்கலாம். துளையிட்ட ஸ்கீயை யாரும் புதிதாக ஏற்க மாட்டார்கள். கடையில் துளையிட்டுப் பைண்டிங் பொருத்தினால், பொருத்தியவர் யார் என்பதை ரசீதில் குறித்துக் கேட்க வேண்டும். அப்படிச் செய்தால் கோணலாகப் பொருத்திய பழி பின்னர் வாங்கியவர்மீது விழாது.

தனியார் ஒருவரிடம் பழையதை வாங்கினால் நுகர்வோர் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்காது. அங்கே விற்பவரின் விவரிப்பே ஆதாரம். விளம்பரத்தைப் படமெடுத்து வைப்பது உதவும். கடையோடு தகராறு முற்றினால் நார்வேயில் நீதிமன்றம் போகுமுன் நுகர்வோர் முறையீட்டுக் குழுவை அணுகலாம். புகார் எழுத்தில், ரசீதோடும் புகைப்படங்களோடும் இருக்க வேண்டும்.

பயணிக்கும் நிலம் குறித்தும் உரிமை உண்டு. நார்வேயின் 1957ஆம் ஆண்டு திறந்தவெளிச் சட்டம், பயிரிடாத நிலத்தில் எவரும் கால்நடையாகவோ ஸ்கீயிலோ செல்ல இடம் தருகிறது. வயல்களில் அக்டோபர் 14 முதல் ஏப்ரல் 30 வரை, தரை உறைந்தோ பனி மூடியோ இருந்தால் கடக்கலாம். கூடாரம் குடியிருப்பிலிருந்து 150 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.