ஊர் டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றுவோம்



"கரண்ட் வந்துச்சு, மோட்டார் ஓடுச்சு, அஞ்சு நிமிஷத்துல பீஸ் போயிடுச்சு!" இப்படி நீங்களும் அலுத்துக்கொண்டிருப்பீர்கள். காரணம் தெரிய, டிரான்ஸ்பார்மர் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம்.

டிரான்ஸ்பார்மர் கரண்டை உண்டாக்குவதில்லை. வருவதை மாற்றிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஊருக்கு வரும் லைனில் 11,000 வோல்ட். நம் மோட்டாருக்கு வேண்டியது 415 வோல்ட்தான். அப்புறம் ஏன் அத்தனை வோல்ட்? வோல்ட் கூடினால் அதே சக்திக்கு ஆம்பியர் குறையும். ஆம்பியர் குறைந்தால் கம்பி சூடாகாது, வழியில் சேதாரமும் குறையும்.

பெட்டிக்குள்ளே இரும்புத் தகடுகளை அடுக்கி, அதன்மேல் கம்பிச் சுருள்களைச் சுற்றியிருப்பார்கள். 11,000 வோல்ட் சுருளில் சுற்றுகள் அதிகம். 415 வோல்ட் சுருளில் குறைவு. இரண்டும் ஒன்றையொன்று தொடாது. முதல் சுருளில் கரண்ட் வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய் வருகிறது. அதனால் இரும்பில் காந்தம் மாறிக்கொண்டே இருக்கும். அந்தக் காந்தம்தான் அடுத்த சுருளில் கரண்டை எழுப்புகிறது. 1831-இல் மைக்கேல் பாரடே கண்டுபிடித்த தத்துவம் இது. சுற்று குறைந்தால் வோல்ட் இறங்கும், ஆம்பியர் ஏறும். சுருள் சூட்டைத் தணிக்கத்தான் உள்ளே எண்ணெய்.

இப்போது கணக்குக்கு வருவோம். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் தரக்கூடியது சுமார் 139 ஆம்பியர். 5 எச்.பி. மோட்டார் ஓடும்போது 8 ஆம்பியர் போல இழுக்கும். ஆனால் நேரடியாகக் கிளம்பும்போது அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். பதினைந்து பேரும் ஆட்டோவில் போட்டு வைத்தால், கரண்ட் வந்ததும் எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். 600 ஆம்பியருக்கு டிரான்ஸ்பார்மர் எங்கே போகும்? பீஸ்தான் போகும்.

பீஸ் ஒரு காவல்காரன். அது அடிக்கடி போகிறதே என்று தடிக் கம்பியைப் போட்டால், பீஸ் நிற்கும், சுருள் கருகும். புது டிரான்ஸ்பார்மர் வரும் வரை ஊர்ப் பயிரெல்லாம் காய வேண்டியதுதான்.

ஆகவே பக்கத்துத் தோட்டத்துக்காரர்களோடு பேசி, ஒருவர் பின் ஒருவராக இரண்டு நிமிஷம் விட்டு மோட்டார் போடுங்கள். பெரிய மோட்டார் மாட்டினால் மின்வாரியத்தில் சரியான எச்.பி.யைப் பதிவு செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. பீஸ் போனாலும் மேலே 11,000 வோல்ட் அப்படியே இருக்கும். நீங்களாகக் கம்பத்தில் ஏறாதீர்கள்; லைன்மேனைக் கூப்பிடுங்கள். ஒரு நாள் தண்ணீர் தள்ளிப்போனால் பாய்ச்சிக்கொள்ளலாம், உயிர் போனால் வராது.