போருக்குப் பிந்திய பாதாள உலகமும் திரைப்படமும்

1942 ஏப்பிரல் 9 ஆந் திகதி, யப்பானியக் கடற்படை விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. அவ்வாறு வெற்றிச் செருக்குற்றிருந்த நாடு, 1945 இல் எரிந்த நகரங்களோடும் பசித்த மக்களோடும் பணிந்தது. பங்கீட்டுணவு போதாமையாற் கள்ளச்சந்தை வளர்ந்தது. படையிலிருந்து மீண்டு தொழிலற்றுத் திரிந்த இளைஞர் பலர் அச்சந்தையை ஆண்ட கூட்டங்களிற் சேர்ந்தனர். இக்கூட்டத்தாரை 'யாக்கூசா' என்பர். எட்டு, ஒன்பது, மூன்று என்னும் எண்களின் ஒலிகளால் ஆகிய சொல் அது. அவற்றின் கூட்டுத்தொகை இருபது. ஈற்றிலக்கத்தையே கணக்கிடும் சீட்டாட்டமொன்றில் அது வெறும் பூச்சியம். பயனற்ற கை என்பதே சொல்லின் உட்பொருள்.

1948 இல் அகிரா குரொசாவா 'குடிகாரத் தேவதூதன்' எனப் பொருள்படும் படத்தை இயக்கினார். அதிற் குடிப்பழக்கமுள்ள மருத்துவரொருவர் காசநோயுற்ற இளஞ் சண்டியனைக் காக்க முயல்கின்றார். படமெங்கும் தோன்றும் சாக்கடைக்குட்டை, நோய் ஊரின் நடுவிலும் உண்டென்பதை உணர்த்துகின்றது. 1960 களில் வந்த படங்கள் பல இக்கூட்டத்தாரை அறங்காக்கும் வீரராக்கின. கிஞ்சி புக்கசாக்கு 1973 இல் அம்மாயையைக் கலைத்தார். பதினைந்து வயதில் ஆயுதத் தொழிற்சாலையிற் பணிசெய்து, தாக்குதலில் மாண்டோரின் உடல்களை அகற்றியவர் அவர். 'மானமும் மனிதமும் அற்ற போர்கள்' என்னும் அவரது படம் அணுகுண்டின் புகைமண்டலத்துடன் தொடங்கிக் கூரே துறைமுகத்துக் கள்ளச்சந்தைக்குட் புகுகின்றது. கூட்டத்தவன் ஒருவன் சிறையிலிருந்து எழுதிய நினைவுக்குறிப்புகளே அதற்கு மூலம். அங்கே இளைஞர் ஒருவரையொருவர் கொன்று மாள்கின்றனர். கண்ணீர் வடித்து அவர்களை ஏவும் தலைவரோ சாவதில்லை.

தமிழர் கதைகளையும் இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம். பம்பாயில் வாழ்ந்த வரதராச முதலியாரின் வாழ்வைத் தழுவி மணிரத்தினம் 1987 இல் இயக்கிய 'நாயகன்', தலைவனை ஏழைகளின் காவலனாகக் காட்டிற்று. தான் நல்லவனா தீயவனா எனப் பேரன் வினவ, விடை தெரியாது நிற்கும் முதியவனின் காட்சி சிறப்பானதே. எனினும் பார்ப்போர் நெஞ்சில் நிலைப்பது தலைவனின் பெருமையே எனலாம்.

கான் திரைப்பட விழாவில் 2015 ஆம் ஆண்டுத் தங்கப்பனை விருதை வென்ற 'தீபன்' வேறுவகையினது. பிரெஞ்சு இயக்குநர் சாக் ஒடியாரின் இப்படத்தில் ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தி முன்னாட் போராளியாக நடித்தார். உறவற்ற மூவர் ஒரு குடும்பமென நடித்துப் பிரான்சு சேர்கின்றனர். அவர்களுக்குக் கிடைத்த குடியிருப்பிற் போதைப்பொருள் விற்கும் கும்பல்களே ஆட்சிசெய்கின்றன. அங்கே சூடு நிகழலாகாதெனத் தரையில் வெண்கோடு கீறியவன், ஈற்றில் தானே மீண்டும் ஆயுதமேந்த நேர்கின்றது.

கிழக்கில் 2007 இலும் நாடெங்கும் 2009 இலும் போர் ஓய்ந்தது. துப்பாக்கி ஓய்ந்த நிலத்தில் வேலையும் மதிப்பும் பெறாத இளைஞனை ஏற்க யாரோ ஒருவர் காத்திருப்பர் என்பதே இப்படங்கள் தரும் எச்சரிக்கை. அவனைப் பயனற்ற கையென ஒதுக்குமுன், பள்ளியும் தொழிற்களமும் அவனை அழைத்துக்கொள்ளல் வேண்டும்.