மரப்பன்னம்: நிழலும் ஈரமும் கேட்கும் மலைநாட்டுத் தாவரம்

நுவரெலியாவிலிருந்து பதுளை வீதியில் சீதையம்மன் கோயிலைத் தாண்டியதும் ஹக்கல தாவரவியற் பூங்கா வருகிறது. மலேரியா மருந்துக்கான சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்க 1861இல் தொடங்கிய தோட்டம் இது. போகிறவர்கள் ரோஜாப் பாத்திகளோடு திரும்பிவிடாமல் மரப்பன்னங்களையும் பார்க்க வேண்டும். ஆளுயரத்துக்கு மேல் நிமிர்ந்து, உச்சியில் குடை விரித்தாற்போல் ஓலை பரப்பி நிற்பவை அவை. தேயிலை மலைகளுக்கு இடையே காடு மிஞ்சியிருக்கும் ஓடைப் பள்ளங்களிலும் இவற்றைக் காணலாம்.

மரம் என்றாலும் இதில் வைரம் பாய்ந்த கட்டை கிடையாது. தண்டைச் சுற்றிக் கறுத்த வேர்கள் பின்னிப் படிவதால்தான் அடிப்பகுதி பருத்துத் தெரிகிறது. வளர்ச்சியெல்லாம் உச்சிக் குருத்தில். பெரும்பாலும் அதை வெட்டினால் முழு மரமும் பட்டுவிடும்.

இதற்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. ஓலையின் அடிப்புறப் பழுப்புப் புள்ளிகளில் தூளாக வித்திகள் விளைகின்றன. ஈரமண்ணில் விழும் வித்தி, முதலில் நகத்தளவுகூட இல்லாத பச்சைத் தகடாகிறது. அதன் அடிப்புறத்தில் ஆண் அணு நீந்திப் பெண் அணுவைச் சேர்ந்தால்தான் புதிய பன்னம் பிறக்கும். நீந்துவதற்கு நீர்ப்படலம் வேண்டும். இந்த இனம் ஓடையையும் நிழலையும் நம்பியிருப்பதற்கு அது முக்கிய காரணம்.

வீட்டிலும் வளர்க்கலாம். முற்றிய ஓலைத் துண்டை வெள்ளைத் தாளில் மடித்து வைத்தால் ஓரிரு நாளில் தூள் உதிரும். இலைமக்கும் மணலும் கலந்து, கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, அதன்மேல் தூளைத் தூவுங்கள். கண்ணாடியால் மூடி, நேர்வெயில் படாத இடத்தில் வையுங்கள். சில வாரங்களில் பச்சை படரும். கொதித்தாறிய நீரை அவ்வப்போது தெளித்துவந்தால் சில மாதங்களில் குட்டி ஓலைகள் எழும்.

தேயிலைக்கு உகந்த அமில மண் இதற்கும் பொருந்தும். நீர் தேங்கக் கூடாது. பலத்த காற்றும் ஆகாது. வறட்சியில் தண்டின்மீதும் நீர் ஊற்றுங்கள், வேர்கள் அங்கேயும் இருக்கின்றன. தண்டு உயரப் பல வருடமாகும்.

ஓர்கிட் வளர்க்கவென்று அறுத்த மரப்பன்னத் தண்டை வாங்காதீர்கள். சயாத்தியா வகை மரப்பன்னங்களின் பன்னாட்டு வணிகத்தைச் சைட்டிஸ் ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது. ஆனால் ஓடைக்கரை நிழலைக் காப்பது தேயிலைத் தோட்டத்தில் வாழும் நம் கையில்தான் இருக்கிறது. அந்த நிழலைத் தரும் மரங்களை வெட்டாமல் விடுங்கள்.