குறிஞ்சியிற் கடல்மீன் வளர்த்தல்

நிலத்தை ஐந்திணையாக வகுத்து, ஒவ்வொரு திணைக்கும் உரிய உயிர்களையும் தொழில்களையும் வரையறுத்தவர் நம் முன்னோர். அவ்வகுப்பின்படி மடுல்சீமை மலைச்சாரல் குறிஞ்சியாகும், கடல்மீனோ நெய்தலுக்குரியது. பதுளை ஓயா துன்ஹிந்தையில் அருவியாக வீழ்ந்து, மகாவலியொடு கலந்து, கொட்டியாரக் குடாவிற் கடலையடைகின்றது. மலைநீர் கடலுக்குச் செல்வது இயற்கை. கடல்மீன் மலைக்கு வருவது மனிதரின் விருப்பம். அவ்விருப்பம் உடையோர் முன்னரே அறிந்திருக்க வேண்டுவன யாவை என்பதை ஈண்டு நோக்குவாம்.

வீட்டுத் தொட்டிகளில் வளர்க்கப்படும் கடல்மீன்களுட் பெரிதும் அறியப்பட்டது கோமாளிமீன். செம்மஞ்சள் உடலும் வெண்பட்டைகளும் உடைய இம்மீன், 2003ஆம் ஆண்டில் வெளிவந்த "ஃபைண்டிங் நீமோ" என்னும் திரைப்படத்தால் உலகெங்கும் புகழ் பெற்றது. இதன் இனங்கள் ஏறத்தாழ முப்பது. அவற்றுட் கருஞ்செட்டைக் கோமாளிமீன் இலங்கை, மாலைதீவு முதலிய அண்டைக் கடல்களுக்கே உரியது. கொட்டும் இயல்புடைய கடற்சாமந்தியின் கைகளுக்கிடையே இம்மீன் அச்சமின்றி வாழ்கின்றது. அதன் உடலைப் போர்த்துள்ள சளிப்படலமே அதற்குக் காப்பு. ஒரு கூட்டத்திற் பெரியது பெண். அதற்கு அடுத்தது ஆண். பெண் இறப்பின் அவ்வாணே பெண்ணாக மாறும். தொட்டியில் வாழக் கோமாளிமீனுக்குக் கடற்சாமந்தி இன்றியமையாததன்று. மிகுந்த ஒளியும் முதிர்ந்த நீரும் வேண்டும் அவ்வுயிரைப் புதிதாகத் தொடங்குவோர் வாங்காதிருத்தலே நன்று.

மீன் வளர்ப்பு என்பது உண்மையில் நீர் வளர்ப்பேயாகும். கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. ஆனையிறவு, அம்பாந்தோட்டை உப்பளங்களின் உப்பைக் கரைத்தாற் கடல்நீர் ஆகாதோ எனச் சிலர் வினவலாம். ஆகாது. உப்பு விளையுமுன்னரே கல்சியத்தின் பெரும்பகுதி படிந்துவிடுகின்றது. மகனீசிய உப்புகள் எஞ்சிய நீரோடு வெளியேற்றப்படுகின்றன. எனவே, மீன்தொட்டிக்கெனத் தயாரிக்கப்படும் உப்புக்கலவையையே கொள்ளல் வேண்டும். நூறு லீற்றர்த் தொட்டிக்கு மூன்றரைக் கிலோகிராம் அளவு தேவைப்படும். அதனைக் கரைக்கும் நீர் வடித்த நீராயிருத்தல் நலம். தேயிலைச் சரிவுகளின் கீழிருந்து வரும் பீலி நீரில் உரமும் களைகொல்லியும் கலந்திருத்தல் கூடும்; குழாய்நீரிலோ குளோரீன் உண்டு. நீர்மானி 1.021 முதல் 1.025 வரை காட்டுதல் வேண்டும். நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே எஞ்சுவதால், குறைந்த அளவை உப்புநீரால் அன்றி நன்னீராலேயே நிரப்புதல் வேண்டும்.

புதிதாய்த் தொடங்குவோருட் பலர் இடறுமிடம் ஒன்றுண்டு. தொட்டியை நிறுவிய மறுநாளே மீனை விடுகின்றனர். சில நாளில் மீன் மடிகின்றது. மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகும். காரத்தன்மையுள்ள கடல்நீரில் அதன் நச்சுத்தன்மை மேலும் மிகும். ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாகவும், மற்றொருவகை அதனைத் தீமை குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும். இந்நுண்ணுயிர்கள் மணலிலும் கற்களிலும் வடிகட்டியிலும் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதுகாறும் தொட்டி மீனின்றியே இருத்தல் வேண்டும். தொட்டி நிலைபெற்றபின்னும், எஞ்சும் நைத்திரேற்றை நீக்க, இரு வாரத்துக்கு ஒருமுறை நீரிற் பத்திலொரு பங்கை மாற்றுதல் வேண்டும்.

மலைநாட்டினர்க்குத் தனியே உரைக்கத்தக்கது குளிர். கோமாளிமீனுக்கு 25 முதல் 27 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். மார்கழி, தை இரவுகளில் நம் வீடுகளில் அவ்வெப்பம் இராது. ஆகவே மின்சூடாக்கி இன்றியமையாதது. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை நீடித்ததை எவரும் மறந்திரார். அத்தகைய வேளையில் நீர் குளிர்வதோடு ஒட்சிசனும் குறையும். மின்கலத்தால் இயங்கும் காற்றுப்பம்பி ஒன்றையும், தொட்டியைப் போர்த்தக் கம்பளி ஒன்றையும் ஆயத்தமாக வைத்திருத்தல் அறிவுடைமை. உணவு, இரண்டு மூன்று நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே நாளுக்கு இருமுறை போதும். எஞ்சும் உணவு அழுகி அமோனியாவாகும்.

இனி, மீனை எங்கிருந்து பெறுவது என்பது வினா. பவளப்பாறைகளிலிருந்து பிடிக்கப்படும் மீன்களுட் பல, பயணத்திலேயே நலிந்து இறக்கின்றன. 1998ஆம் ஆண்டிற் கடல் வெப்பமடைந்து இலங்கைப் பவளப்பாறைகள் பல வெளிறி அழிந்தன. எஞ்சிய பாறைகளின் உயிர்களை நம் கூடத்து அழகுக்காகக் குறைத்தல் முறையன்று. ஆதலாற் பொரிப்பகத்திற் பிறந்த மீனையே கேட்டு வாங்குதல் வேண்டும். கோமாளிமீனை அவ்வாறு இனப்பெருக்கும் முறையை வகுத்த நிலையங்களுள் ஒன்று, இராமேசுவரத்துக்கு அண்மையிலுள்ள மண்டபம் முகாமில் இயங்கும் இந்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமாகும்.

மண்டபம் முகாம் என்னும் பெயர் மலையகத்தார்க்குப் புதிதன்று. தோட்டங்களுக்கு வந்த நம் மூதாதையர் பலர், கப்பலேறுமுன் நோய்ச் சோதனைக்காகத் தடுத்து வைக்கப்பட்ட இடம் அதுவே. புதிய மீனையும் அவ்வாறே நான்கு வாரம் வேறொரு தொட்டியிற் பிரித்து வைத்து, நோயின்மை கண்டபின்னரே மற்றவற்றோடு சேர்த்தல் வேண்டும். தம் விருப்பமின்றி இடம்பெயர்க்கப்படும் உயிர்க்குப் போகுமிடத்து நீரும் வெப்பமும் முன்னரே ஆயத்தமாயிருத்தல் வேண்டும் என்பதை நம்மினும் நன்குணரத்தக்கார் யாவர்?

கோமாளிமீன் பத்தாண்டுக்கு மேலும் வாழவல்லது. இன்று எட்டாம் வகுப்பிற் பயிலும் மாணவன் வாங்கும் மீன், அவன் தொழிலில் அமரும் நாளிலும் உணவை எதிர்பார்த்து நிற்கலாம். அத்தனை ஆண்டும் நீரைப் பேணும் உறுதியுடையார் வளர்க்க; அஃதிலார் அதனைக் கடலிலேயே வாழவிடுக.