வார்ப் ரெக்கார்ட்ஸ்

வார்ப் ரெக்கார்ட்ஸ் என்பது இங்கிலாந்தின் செஃபீல்டு நகரில் 1989 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இசை வெளியீட்டு நிறுவனம் ஆகும். ஓர் இசைத்தட்டுக் கடையிலிருந்து வளர்ந்த இந்நிறுவனம் மின்னணு இசைக்குப் பெயர் பெற்றது.

தோற்றம்

செஃபீல்டு எஃகு உற்பத்திக்குப் புகழ்பெற்ற நகரம். 1980களில் எஃகுத் தொழில் நலிவுற்றதால் அங்கு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அந்நகரில் ஸ்டீவ் பெக்கெட், ராப் மிட்செல் ஆகியோர் இசைத்தட்டுக் கடை ஒன்றை நடத்தி வந்தனர். அமெரிக்காவில் தோன்றிய ஹவுஸ், டெக்னோ ஆகிய நடன இசைத்தட்டுகள் இத்தகைய கடைகளிலேயே கிடைத்தன. நடன அரங்குகளில் இசைத்தட்டுகளை ஒலிக்கவிடும் டிஜேக்கள் இவற்றை வாங்க வந்தனர். இதனால் எவ்வகை இசைக்கு வரவேற்பு உள்ளது என்பதைக் கடைக்காரர்கள் நேரடியாக அறிய முடிந்தது.

இவ்விருவரும் ஒலிப்பதிவாளர் ராபர்ட் கோர்டனுடன் இணைந்து வார்ப் நிறுவனத்தைத் தொடங்கினர்.

முதல் வெளியீடு

நகரின் எஃகு ஆலை ஒன்றின் பெயரைச் சூட்டிக்கொண்ட ஃபோர்ஜ்மாஸ்டர்ஸ் குழுவின் 'டிராக் வித் நோ நேம்' முதல் வெளியீடாகும். கோர்டனும் இக்குழுவில் ஒருவர். வேலையற்றோர் சுயதொழில் தொடங்க அரசு வழங்கிய உதவித்தொகையைக் கொண்டு 500 பிரதிகள் அச்சிடப்பட்டன. அவை இரவல் மகிழுந்தில் கொண்டு செல்லப்பட்டு விநியோகிக்கப்பட்டன. ஒரு டிஜேயிடம் உள்ள ஒரு பிரதியை ஓர் இரவில் நூற்றுக்கணக்கானோர் கேட்பர் என்பதால், சிறு எண்ணிக்கையே நடன இசை பரவப் போதுமானதாக இருந்தது.

இசை

தொடக்கக்கால வெளியீடுகளில் இயந்திரம் எழுப்பும் குறுகிய 'பிளீப்' ஒலிகளும், அவற்றின் அடியில் அழுத்தமான தாழ்சுர ஒலியும் இடம்பெற்றன. இவ்வகையைச் சேர்ந்த 'எல்.எஃப்.ஓ.' என்னும் இசைத்தட்டு 1990 இல் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 12 ஆம் இடத்தைப் பெற்றது.

1992 இல் வெளியான 'ஆர்ட்டிஃபிசியல் இன்டெலிஜென்ஸ்' தொகுப்பு, ஆடுவதற்கன்றி வீட்டில் அமர்ந்து கேட்பதற்கான மின்னணு இசையை முன்வைத்தது. சாய்வு நாற்காலியில் ஓய்வெடுக்கும் இயந்திர மனிதன் அதன் உறையில் இடம்பெற்றிருந்தது. பின்னர் ஏபெக்ஸ் ட்வின், ஆட்டெக்கர், போர்ட்ஸ் ஆஃப் கனடா ஆகியோரின் இசைத்தொகுப்புகளையும் வார்ப் வெளியிட்டது.

பிற்கால வளர்ச்சி

நிறுவனம் 2000 இல் லண்டனுக்கு இடம்பெயர்ந்தது. ராப் மிட்செல் 2001 இல் காலமானார். 2004 இல் தொடங்கப்பட்ட 'பிளீப்' இணையக் கடை, படியெடுத்தலுக்குத் தடையற்ற இசைக் கோப்புகளை விற்றது. கடையாகத் தொடங்கிய வார்ப், இதன் மூலம் மீண்டும் கேட்போருக்கு நேரடியாக இசையை விற்றது குறிப்பிடத்தக்கது. ஏபெக்ஸ் ட்வினின் 'சைரோ' 2015 இல் கிராமி விருது பெற்றது.