முதலில் மேடை, பிறகு கரும்பலகை

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. மதியச் சாப்பாடு முடிந்த முதல் பாடவேளை. ஏழாம் வகுப்பில் ஒரே இரைச்சல். உள்ளே வந்த ஆசிரியை மேசையைத் தட்டவில்லை, அதட்டவும் இல்லை. வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்து, மிகத் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார். டீச்சர் என்ன சொல்கிறார் என்று காது கொடுக்க முதலில் முன்வரிசை அடங்கியது, பிறகு நடுவரிசை. அரை நிமிடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"இதை ஆசிரியர் பயிற்சியில சொல்லித் தந்தாங்களா?" என்று பிறகு கேட்டேன்.

"இல்ல சார். தெருவுல கத்துக்கிட்டது."

அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 1991-ல் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தவர், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தந்த அறிவொளி இயக்கத்தின் கலைப் பயணக் குழுவில் சேர்ந்திருக்கிறார். அந்த இயக்கத்தில் புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும், அதை மறுபடி சொல்லப் போவதில்லை. அந்த இயக்கம் ஊருக்குள் நுழைந்ததே ஆட்டம், பாட்டு, நாடகத்தோடுதான் என்பது மட்டும் பலருக்கு மறந்துவிட்டது. பொழுது சாயும் நேரத்தில் குழு வரும். பறை ஒலிக்கும். கூட்டம் வட்டமாகக் கூடும். நாடகம் முடிந்ததும், இந்த ஊரில் யார் சொல்லித் தருவீர்கள் என்று கேட்டுத் தொண்டர்களைச் சேர்ப்பார்கள். சம்பளம் கிடையாது.

இவருக்கு வந்த வேடம், படிக்கத் தெரியாமல் கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்து நிலத்தை இழக்கும் பெண். "எங்க அப்பாயிக்கு நடந்ததுதான் சார் அது. அதனால தனியா நடிக்க வேண்டியிருக்கல." ஓர் ஊரில் நாடகம் முடிந்து ஒப்பனையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு கிழவி வந்து கையைப் பிடித்திருக்கிறார். "உனக்கும் எழுத்து தெரியாதா தாயி? நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து கத்துக்கலாம், வா."

தனக்குப் படிக்கத் தெரியும் என்று அந்த நிமிடம் சொல்ல வாய் வரவில்லையாம். அடுத்த வாரமே அந்த ஊருக்குத் திரும்பிப் போனார். கிழவியோடு இன்னும் பதினோரு பெண்கள் தெருவிளக்கடியில் உட்கார்ந்தார்கள். "அந்த அம்மா தன் பேரை எழுதி முடிச்ச ராத்திரி, நான் டீச்சராத்தான் ஆகணும்னு வீட்ல சொல்லிட்டேன்" என்கிறார். அவர் குழுவில் நடித்தவர்கள் ஒன்பது பேர். அதில் நான்கு பேர் பிற்பாடு ஆசிரியர் ஆகியிருக்கிறார்கள்.

நான் இதை ஆச்சரியமாக நினைக்கவில்லை. தமிழில் மேடைக்கும் வகுப்புக்கும் உறவு இருப்பதை ஒரு சொல்லே காட்டுகிறது. தெருக்கூத்தில் அடவும் பாட்டும் சொல்லிக்கொடுத்து ஆட்டத்தை நடத்துகிறவர் வாத்தியார். பழைய நாடகக் கம்பெனியில் பாட்டும் வசனமும் எழுதிப் பையன்களைப் பழக்குகிறவரும் வாத்தியார்தான். சங்கரதாஸ் சுவாமிகளை எடுத்துக்கொள்ளுங்கள். எமன், சனீஸ்வரன் என்று பயங்கர வேடங்களில் பேர் வாங்கியவர். விடியற்காலையில் சனீஸ்வரன் வேடம் கலைக்காமல் நீர்நிலைக்குப் போன அவரைக் கண்டு அஞ்சிய ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கதி அவர் மனத்தை உலுக்கிவிட்டது, அதன்பின் அவர் வேடம் கட்டவில்லை என்று நாடக உலகில் சொல்வார்கள். வேடத்தை விட்டவர் வாத்தியார் வேலையைப் பிடித்துக்கொண்டார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களைப் பயிற்றுவித்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பழகியவர்கள். முப்பது நாற்பது பையன்களுக்கு நடுவே எவன் குரல் உடைகிறது, எவனுக்குப் பாட்டு வராவிட்டாலும் பேச்சு வரும் என்று கண்டுகொள்ளும் கண், அதே மேடையில் நின்று பார்வையாளர்களின் முகத்தைப் படித்துப் படித்து வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அதே பார்வையை இந்த டீச்சரிடமும் பார்த்தேன். தெருநாடகத்தில் நடிகனுக்கு முதுகுப்பக்கம் என்று ஒன்று கிடையாது. நாலு பக்கமும் ஆட்கள் நிற்பார்கள். ஒரு பக்கம் பேசிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் ஆள் நழுவும். அதைக் கழுத்தைத் திருப்பாமலே உணர்ந்து அந்தப் பக்கம் இரண்டடி வைக்க வேண்டும். குரலைத் தொண்டையிலிருந்து எடுத்தால் மூன்றாம் ஊரிலேயே கட்டிக்கொள்ளும், அடிவயிற்றிலிருந்து எடுக்கப் பழக வேண்டும். கூட வருகிறவன் வசனத்தை மறந்தால் அவன் மானம் போகாமல் எடுத்துக்கொடுக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் வகுப்பில் ரொம்பப் பயன்படுகிறது என்றார் அவர். பதில் தெரியாமல் எழுந்து நிற்கும் பிள்ளையைச் 'சரி, உட்காரு' என்று இவர் விடுவதில்லை. பதிலின் முதல் பாதியைச் சாதாரணமாகச் சொல்வதுபோல் நழுவவிடுகிறார், மறுபாதி பிள்ளையின் வாயிலிருந்து வந்துவிடுகிறது.

கற்பித்தல் ஒன்றும் நடிப்பல்ல, பாட அறிவுதான் பெரிது என்பவர்கள் உண்டு. பாட அறிவு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதைப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்க்க மேடைப் பழக்கம் கைகொடுக்கிறது என்றுதான் சொல்கிறேன். இரண்டையும் சேர்த்தே வாழ்ந்தவர்களும் உண்டு.

யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் பள்ளி ஆசிரியராகவும் நாடகக்காரராகவும் ஒரே நேரத்தில் வாழ்ந்தவர். 1978-ல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியவர். இலங்கையில் 'நாடகமும் அரங்கியலும்' பள்ளிப் பரீட்சையில் ஒரு பாடமாகவே இருக்கிறது. அங்கே நாடகம் பழகிய பிள்ளை நாடக ஆசிரியராகவே திரும்பி வரலாம்.

நமக்கு அந்த வழி இல்லை. ஆண்டு விழா ஒன்றுதான் இருந்தது. என் கவலையெல்லாம் அதைப் பற்றித்தான். கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் நான் போன ஆண்டு விழாக்களில் ஒரு குழந்தைகூடத் தன் குரலில் இரண்டு நிமிடம் பேசிக் கேட்கவில்லை. சினிமாப் பாட்டு ஓடுகிறது, ஆடுகிறார்கள். கட்டபொம்மன் வசனம்கூட ஒலிப்பதிவுதான். பையன் மீசையை முறுக்கி வாயை மட்டும் அசைக்கிறான். சொல் தடுமாறுவதில்லை, மறப்பதில்லை, பெற்றோர் கையில் இருக்கும் செல்போனில் அழகாகப் பதிகிறது. ஆனால் மறக்கவே வாய்ப்பில்லாத மேடையில் அந்தப் பையன் என்ன கற்றுக்கொள்கிறான்? மறந்து, முழித்து, பக்கத்தில் நிற்பவன் கிசுகிசுத்ததைப் பிடித்துக்கொண்டு மேலேறி வருகிற அந்தப் பத்து விநாடிதானே அவனை ஆளாக்கும்? 2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறதே என்பார்கள். நல்ல விஷயம். ஆனால் போட்டிக்குத் தேறிய ஐந்து பேர் பேசுவதால் பெஞ்சில் இருக்கும் முப்பத்தைந்து பேருக்கு வாய் திறக்காது.

இந்தப் பிள்ளைகளில் சிலர்தான் நாளைக்குப் பி.எட். சேர்வார்கள். கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் அன்றுதான் நாற்பது முகங்களுக்கு எதிரே முதல்முறையாகத் தங்கள் குரலைக் கேட்பார்கள். நாடகமும் கலையும் இரண்டாண்டு பி.எட். பாடத்திட்டத்தில் இருக்கின்றன. ஆனால் நான் கேட்டுப் பார்த்த மாணவர்கள் அத்தனை பேரும் அதை ஒரு ரெக்கார்டு நோட்டாகத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். படம் ஒட்டினோம், கையெழுத்து வாங்கினோம் என்றார்கள். ஒருத்தி மட்டும் ஒரு நாள் கல்லூரியில் பாரதியாராக நின்றதாகச் சொன்னாள். நின்றதோடு சரி, பேசவில்லையாம். இப்படி வருகிறவர்கள் வகுப்பில் இரைச்சல் எழுந்தால் பிரம்பைத் தேடாமல் வேறு எதைத் தேடுவார்கள்? தொண்டை கட்டிப்போய், ஜூன் மாதமே களைத்துப்போய், இந்த வேலைக்கு ஏன் வந்தோம் என்று உட்கார்ந்திருக்கும் இளம் ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். மனம் தாங்கவில்லை.

புதுக்கோட்டை டீச்சரின் பள்ளியில் இந்த ஆண்டு விழாவுக்கு இருபது நிமிட நாடகம். பிள்ளைகளே பேசிப் பேசி உருவாக்கியது. ஊர்க் கண்மாயில் தண்ணீர் பங்கிடுவதில் வரும் சண்டைதான் கதை. நான் போன அன்று ஒத்திகை வேப்பமரத்தடியில் நடந்தது. நீர்ப்பாய்ச்சி வேடம் போட்ட எட்டாம் வகுப்புப் பெண் மூன்று முறை ஒரே இடத்தில் மறந்தாள். யாரும் சிரிக்கவில்லை. நான்காவது முறை, மடையாக உட்கார்ந்திருந்த பொடியன் தலையைத் தூக்கி எடுத்துக்கொடுத்தான்.

ஒத்திகை நடக்கும்போதே சவுண்டு சர்வீஸ்காரர் வந்தார். பென் டிரைவைக் கேட்டார்.

"பென் டிரைவ் இல்ல தம்பி."

"அப்ப எதைப் போடறது டீச்சர்?"

"எதையும் போட வேணாம். ஸ்டாண்டு மைக் நாலு மட்டும் கொண்டாங்க. ரெண்டு உயரத்தைக் குறைச்சு வைங்க, மடை சின்னப் பையன்."