ஐம்படைத் தாலி

குழவிப் பருவத்திற்கு நேரும் இடையூறுகள் பல. அவற்றினின்றும் தம் மக்களைக் காத்தற்பொருட்டுப் பண்டைத் தமிழர் அணிவித்த அணிகலனே ஐம்படைத் தாலியாகும். திருமாலின் படைகளாகிய சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்னும் ஐந்தனையும் சிற்றுருவங்களாகச் செய்து கோத்துக் குழந்தையின் கழுத்தில் அணிவர். காக்குங் கடவுளின் படைகள் உடனிருப்பின் தீங்கு அணுகாதென்பது அவர் கருத்து.

தாலி என்றவுடன் மணமகளின் கழுத்தணியையே நாம் இக்காலத்து எண்ணுகின்றோம். பழைய நூல்களிலோ அச்சொல் சிறுவர்தங் காப்பணியையுங் குறிக்கும். பாண்டியன் நெடுஞ்செழியன் தாலி களையாத இளமையிலேயே போர்க்களம் புகுந்தமையை இடைக்குன்றூர் கிழார் புறநானூற்றின் 77-ஆம் பாட்டில் வியந்து கூறுகின்றார். குறுந்தொகையின் 161-ஆம் பாட்டிற் புலிப்பல் கோத்த தாலியணிந்த புதல்வரைக் காண்கின்றோம். மணிமேகலையில், மழலை பேசுங் குழந்தையின் வாய்நீர் ஐம்படையை நனைக்கின்றது.

இவ்வழக்கம் நமக்கே உரியதன்று. பண்டை எகிப்தியர், பெஸ் என்னுங் குறள்வடிவத் தெய்வத்தையும், தாவெரெத் என்னும் நீர்யானை வடிவத் தெய்வத்தையும் மகப்பேற்றிற்குங் குழவிக்குங் காவலாகக் கொண்டு, அவற்றின் சிற்றுருவங்களை அணிந்தனர். கி. மு. 14-ஆம் நூற்றாண்டில் அக்கெனாத்தென் என்னும் அரசன், ஆத்தென் என்னும் ஞாயிற்று வட்டத்தையே வழிபடு பொருளாக நிறுவி, ஆமோன் என்னும் பெருந்தெய்வத்தின் பெயரைக் கல்வெட்டுக்களினின்றும் அழிப்பித்தான். ஆயினும், இன்று அமர்னா எனப்படும் அவனது தலைநகரின் வீடுகளை அகழ்ந்தோர் அங்கும் பெஸ், தாவெரெத் உருவங்களைக் கண்டெடுத்தனர். கோயில் வழிபாட்டை மாற்றிய அரசனாணை, பிள்ளை பெற்றோரின் அச்சத்தை மாற்றவில்லை.

நம் நாட்டில் ஐம்படைத் தாலி அருகிவிட்டது. எனினும், ஆரணியைச் சார்ந்த பெரணமல்லூர் முதலாகத் தமிழகத்து ஊர்களிற் குழந்தையின் அரையிற் கறுப்புக் கயிறும் கையில் வசம்பு வளையலும் அணிவித்தல் இன்றும் உள்ள வழக்கமே.

இவற்றைக் கற்றோர் நகைத்தல் எளிது. கயிறு நோயைத் தடுக்காதென்பது உண்மையே. பெரியம்மை உலகினின்று ஒழிந்ததென்று 1980-இல் அறிவிக்கப்பெற்றது அம்மை குத்துதலின் பயனாலன்றோ? ஆனால், கயிறு கட்டுந் தாயும் ஊசி குத்தும் மருத்துவரும் வேண்டுவது ஒன்றே. பிள்ளை பிழைத்தல் வேண்டும். ஆதலின் கயிற்றைப் பழித்து அத்தாயை நாணச் செய்தலினும், அவள் அன்பை மதித்து, உரிய காலத்திற் குழந்தையை மருத்துவமனைக்குக் கொணருமாறு இன்சொல்லால் உணர்த்துதலே கற்ற நம்மனோர் கடமையாகும்.